கோலாலம்பூரில் கொண்டோவா, பத்தாங் பெர்ஜுந்தையில் ஒன்றரை ஏக்கரா?

நம் ஊர்த் தம்பி ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டது இதுதான். ஷா ஆலமில் தொழிற்சாலை டெக்னீஷியன் வேலை, கையில் சேர்த்தது 80,000 வெள்ளி (ரிங்கிட்), அப்பா தன் ஊழியர் சேமநிதியிலிருந்து (EPF) எடுத்துத் தருவதாகச் சொன்னது 40,000. கோலாலம்பூர் ஓரத்தில் 650 சதுர அடி சர்வீஸ் அபார்ட்மென்ட் (கொண்டோ மாதிரி அடுக்குமாடி வீடு) 380,000 வெள்ளிக்கு ஒரு ஏஜென்ட் காட்டியிருக்கிறார். அப்பாவோ நம் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையிலேயே (இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர்) ஒன்றரை ஏக்கர் செம்பனை (பாமாயில்) நிலம் 210,000-க்கு வருகிறது, அதை வாங்கலாம் என்கிறார். இதற்கு நடுவில் யாரோ ஒருவர் 5,000 சதுர அடி 'லாட்' 45,000-க்குத் தருகிறேன் என்று வாட்ஸாப்பில் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். எது நல்லது?

நான் கோலா சிலாங்கூரில் ஒரு லாயர் ஆபீசில் 23 வருஷம் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவன். சொத்து வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவதையும் பார்த்திருக்கிறேன், ஐந்து வருஷம் கழித்து அதே ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறு முகத்தோடு வருவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஏஜென்ட் மாதிரி பேச எனக்கு வராது.

முதலில் அந்த 45,000 லாட்டை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. வேண்டாம். விவசாய நிலத்தைப் பிரித்துத் தனித்தனி கிராண்ட் (நிலப் பட்டா) எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு துண்டும் குறைந்தது 0.4 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் இருக்க வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் சொல்கிறது. 5,000 சதுர அடி என்பது ஒரு ஏக்கரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் அவர்கள் விற்பது என்ன? ஒரு காகிதம். ஒரு சமயம் எங்கள் ஆபீசுக்கு நாற்பது பேருக்கு மேல் ஒரே மாதிரி ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிலத்தில் போய்ப் பார்த்தால் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சி வரிசையாக நட்டிருக்கிறது, ஒவ்வொரு குச்சியிலும் நம்பர், பெயிண்ட்கூட அழகாக அடித்திருக்கிறார்கள். கிராண்டில் சாரியான் (நில அலுவலகப் பதிவேட்டுத் தேடல்) எடுத்தால் ஒரே ஒரு பெயர், அதன் மேல் பேங்க் அடமானம். வந்தவர்களில் ஓர் அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணம் அது என்றார். குச்சியைப் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அவ்வளவுதான் அவருக்குச் சொந்தம். 'பின்னால் கன்வர்ட் பண்ணி எல்லாருக்கும் தனி கிராண்ட் தருவோம்' என்று சொல்வார்கள். அதை முதலில் பண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள், அப்போது பேசலாம்.

சரி, இப்போது மீதி இரண்டுக்கு வருவோம்.

கொண்டோ கணக்கைப் பேப்பரில் எழுதிப் பாருங்கள். 380,000-க்கு 90 விழுக்காடு கடன் கிடைத்தால் 342,000. வட்டி 4.25, 35 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை 1,565 வெள்ளி பக்கம் வரும். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 38 காசு என்றால் 247, அதன் மேல் சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுக்கான சேமிப்பு) பத்து விழுக்காடு, ஆக 270 சொச்சம். மாதம் 1,835 வெளியே போகிறது. ஏஜென்ட் சொல்லும் வாடகை என்ன, 1,300 என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்ட் சொல்லும் வாடகையில் நான் எப்போதும் வருஷத்துக்கு ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டுத்தான் எண்ணுவேன், ஏனென்றால் ஒரு குடித்தனம் போய் இன்னொன்று வருவதற்குள் வீடு சும்மா கிடக்கும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஏர்கான் கெட்டிருக்கும். சும்மா கிடக்காமல் ஓடினாலே மாதம் 500 வெள்ளிக்கு மேல் கையைக் கடிக்கும். இதில் மதிப்பீட்டு வரி, தீக்காப்புறுதி எதையும் சேர்க்கவில்லை. சர்வீஸ் அபார்ட்மென்ட் வணிக நிலத்தில் கட்டுவது என்பதால் அந்த வரி சாதாரண வீட்டைவிடக் கூடுதலாக வரலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பச் செலவும் உண்டு. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நான்கு லட்சத்துக்கு 2 விழுக்காடு, ஆக 6,600. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 1,710. முதல் வீட்டுக்குச் சலுகை இருக்கிறதா என்று லாயரிடம் கேளுங்கள், அது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

தவணையில் ஒரு பகுதி அசலுக்குத்தானே போகிறது, அது சேமிப்பு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 35 வருஷக் கடனில் முதல் பத்து வருஷம் பெரும்பகுதி வட்டிக்கே போகும். நானே இதில் பட்டவன். 2009-இல் கோலாலம்பூருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி வீடு ஒன்றை வாங்கினேன். முதல் நான்கு வருஷம் ராஜா மாதிரி இருந்தது. அப்புறம் பாதிப் பேர் பராமரிப்புக் காசு கட்டவில்லை, நிர்வாகத்திடம் பணமில்லை, மூன்று லிஃப்டில் ஒன்றுதான் ஓடும், அதிலும் ஆறாவது மாடியில் கதவு திறந்து திறந்து மூடும். என் வாடகைக்காரர் ஒரு கர்ப்பிணிப் பெண், ஒன்பது மாடி ஏறி இறங்க முடியாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காலி பண்ணினார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பதினொரு வருஷம் கழித்து வாங்கிய விலைக்கே விற்றேன். பட்டண அடுக்குமாடியில் உங்கள் சொத்தின் விலை உங்கள் கையில் இல்லை, எதிர் வீட்டுக்காரர் மாதாமாதம் காசு கட்டுகிறாரா என்பதில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, 2013-இல் வந்த அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், கட்டாதவர்மேல் வழக்குப் போடலாம், வட்டி போடலாம். போடுவதற்கு முதலில் நிர்வாகக் குழுவில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே!

இதற்கு மேல் இன்னொன்று. சர்வீஸ் அபார்ட்மென்ட் என்ற வகையே நாட்டில் தேவைக்கு மேல் கட்டப்பட்டுவிட்டது, ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் கட்டி முடித்து விற்காமல் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நீங்கள் விற்கப் போகும்போது பக்கத்திலேயே புதுக் கட்டடம் ஒன்று தள்ளுபடியோடு, சமையலறை அலமாரியோடு நிற்கும்.

அப்படியானால் ஊர் நிலம்தான் நல்லது என்று நான் சொல்லப்போவதாக நினைத்தால் பொறுங்கள்.

ஒன்றரை ஏக்கரில் எண்பது, எண்பத்தைந்து செம்பனை மரம் நிற்கும். நன்றாக உரம் போட்டால் ஏக்கருக்கு வருஷம் ஏழு டன் குலை, ஆக ஏறக்குறைய பத்து டன். டன் 750 வெள்ளி என்று வைத்தால் 7,500. உரத்துக்கும் புல் மருந்துக்கும் 1,800 போகட்டும், குலை வெட்டுக் கூலி, லோரிக் கூலி டன்னுக்கு 120 போகட்டும். மிச்சம் 4,500. போட்ட 210,000-க்கு இது இரண்டு விழுக்காடு சொச்சம். சேமநிதி 2024-க்குக் கொடுத்த ஈவு 6.3 விழுக்காடு. அப்பா சேமநிதியிலிருந்து எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்தாலே செம்பனையைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறார், கொசுக்கடி இல்லாமல். செம்பனை விலையும் ஒரே நிலையில் நிற்காது. 2018 கடைசியில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 2,000 வெள்ளிக்குக் கீழே போனது, 2022 மார்ச்சில் 7,000-ஐத் தாண்டியது. 2022-இல் நம் ஊர் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தவர் எல்லாரும் நிலம் வாங்கப் போவதாகத்தான் பேசினார்கள், அந்த விலையில் வாங்கியவர்கள் இப்போது அதிகம் பேசுவதில்லை.

கடனும் கொண்டோ மாதிரி கிடைக்காது. விவசாய நிலத்துக்கு பேங்க் பெரும்பாலும் 60, மிஞ்சிப்போனால் 70 விழுக்காடு தரும், வருஷமும் குறைவு, வட்டியும் கூடுதல். 126,000 கடன், 5 விழுக்காடு, 20 வருஷம் என்றால் மாதம் 830. செம்பனை தருவது மாதம் 375. ஆக இதுவும் மாதம் 450 வெள்ளி கையைக் கடிக்கத்தான் செய்கிறது. பார்த்தீர்களா, பட்டணமும் ஊரும் ஏறக்குறைய ஒரே ஓட்டைதான். சேமநிதிக் கணக்கில் வீட்டுக்கென்று எடுக்கலாம், வெறும் நிலத்துக்கு எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா வயது முடிந்து எடுப்பது வேறு கதை.

அப்போது ஊரில் ஏன் ஆட்கள் நிலம் வாங்குகிறார்கள்? விலை ஏறும் என்றுதான். லத்தார் நெடுஞ்சாலை 2011-இல் திறந்த பிறகு இஜோக் பக்கம் என்ன நடந்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள், தோட்டமாக இருந்தது தாமானாக (வீடமைப்புப் பகுதியாக) ஆனது. அசாம் ஜாவாவில் மேற்குக் கரை நெடுஞ்சாலையும் வந்து சேர்ந்துவிட்டது. புரோக்கர் எல்லாரும் இந்த வரைபடத்தைத்தான் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த லாபம் யாருக்குப் போனது? ஆயிரம் ஏக்கர் வைத்திருந்தவனுக்கு. டெவலப்பர் ஒருவர் வந்து உங்கள் ஒன்றரை ஏக்கரை மட்டும் வாங்கி என்ன செய்வார்? பக்கத்து நிலத்துக்காரர்கள் பத்துப் பேரும் சேர்ந்து விற்றால்தான் அவருக்கு ஆகும், பத்துப் பேரில் ஒருவர் மாட்டேன் என்பார், இன்னொருவர் செத்துப்போய்ப் பிள்ளைகள் ஏழு பேர் ஆஸ்திரேலியாவிலும் ஜொகூரிலும் இருப்பார்கள்.

இதில் நம் ஆட்களின் ஆசை ஒன்றும் கலந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தோட்ட லயத்தில் பிறந்தவனுக்கு, வேலை முடிந்த அன்றே வீடும் போய்விடும் என்று பார்த்து வளர்ந்தவனுக்கு, சொந்த மண் என்றால் கணக்கு மறந்துவிடும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது தெருவில் நின்றவர்கள் நம் தாத்தாக்கள்தானே. அதைப் பார்த்துத்தான் 1960-இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கி, அந்தப் பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். உங்கள் அப்பா 'மண்ணு மண்ணுதாண்டா' என்று சொல்வது அங்கிருந்து வருகிறது. அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை முதலீடு என்று கூப்பிட வேண்டாம்.

இப்போது அந்த நிலத்தைப் பற்றி. அப்பா நகல் கிராண்ட் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. நகலை நம்பாதீர்கள், நில அலுவலகத்தில் நீங்களே காசு கட்டி சாரியான் எடுங்கள், பெரிய செலவில்லை. அதில் நான் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, ரிசாப் மெலாயு (மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய நிலம்) என்று இருக்கிறதா என்பதை. இருந்தால் அங்கேயே மூடிவைத்துவிடுங்கள், நம் பெயருக்கு மாற்ற முடியாது, 'என் நண்பர் பெயரில் போட்டுக்கொள்ளலாம்' என்று புரோக்கர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து பெகாங்கான் கெக்காலா (நிரந்தர உரிமையா), பஜாக்கானா (குத்தகையா). குத்தகை என்றால் எத்தனை வருஷம் மிச்சம்? 99-இல் அறுபது போயிருந்தால் பேங்க் முகம் சுளிக்கும். அப்புறம் செக்காத்தான் (கட்டுப்பாடு) என்ற கட்டம், அங்கே மாநில அரசு அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்று எழுதியிருந்தால் அந்த அனுமதிக்கே மாதங்கள் ஆகும். அடமானம், கேவியட் இரண்டையும் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். கேவியட் என்றால் யாரோ ஒருவர் இந்த நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சியாரத் ஞாத்தா, அதாவது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை, என்று ஒன்று இருக்கும். அதில் செம்பனை என்றோ ரப்பர் என்றோ போட்டிருந்தால் அதற்குத்தான் நிலம். அங்கே வீடுகள் கட்டி வாடகைக்கு விடலாம், கடை போடலாம் என்று கனவு காணக்கூடாது. சொந்தக்காரர் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ள விவசாய நிலத்தில் இடமுண்டு, அதற்கும் ஊராட்சி பிளான் அனுமதி வேண்டும். வகை மாற்ற 124-ஆவது பிரிவில் மனுப் போடலாம், ஆனால் நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்டத்தில் அந்த இடம் விவசாயம் என்று நிறம் அடித்திருந்தால் மனு நகராது, நகர்ந்தாலும் பிரீமியம் கட்ட வேண்டும், அது சின்னத் தொகை இல்லை.

நீங்களும் அண்ணனும் சேர்ந்து வாங்கிப் பின்னால் ஆளுக்கு முக்கால் ஏக்கர் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முடியாது. மேலே சொன்ன அதே 0.4 ஹெக்டர் சட்டம். ஒரே கிராண்டில்தான் இருக்கும், நாளைக்கு அண்ணி ஒன்று சொல்வார், உங்கள் மனைவி ஒன்று சொல்வார்.

காகிதம் முடிந்தால் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிலத்துக்குப் போங்கள், மழை பெய்த மறுநாளாகப் பார்த்துப் போங்கள். ராஜா மூசா காட்டுப் பக்கமுள்ள நிலமெல்லாம் கம்புட் மண் (மக்கிய இலைதழையால் ஆன சதுப்பு மண்), வெயில் காலத்தில் அங்கே மண்ணே தீப்பிடித்துப் புகையும், அது உங்களுக்கே தெரியும். மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேர் வெளியே தெரிந்து நின்றால் அதே மண்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வீடு கட்டினால் பைலிங் (அடித்தளத் தூண் இறக்கும்) செலவே வீட்டுச் செலவை எட்டிப் பிடிக்கும். மரத்தின் வயதைக் கேளுங்கள். செம்பனைக்கு 25 வருஷம்தான் நல்ல ஆயுள். 22 வயது மரத்தோடு வாங்கினால் மூன்று வருஷத்தில் வெட்டி மறுநடவு செய்து, அடுத்த மூன்று வருஷம் ஒரு குலை இல்லாமல் உரம் மட்டும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். செம்பனை வாரிய லைசென்ஸ் இல்லாமல் குலையை விற்கவும் முடியாது, விற்கிறவரிடம் அது இருக்கிறதா, உங்கள் பெயருக்குப் புதிதாக எடுக்க என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

பாதை. இதை வலியுறுத்திச் சொல்கிறேன். நிலத்துக்குச் செம்மண் பாதை போகிறது, லோரி உள்ளே வருகிறது என்பதால் பாதை இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிராண்டோடு இருக்கும் பிளானில் பாதை கோடு போட்டிருக்கிறதா பாருங்கள். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒருவர் இரண்டு ஏக்கர் வாங்கினார், இருபது வருஷமாக எல்லாரும் போய்வந்த பாதை. பக்கத்து நிலத்தின் பழைய தவுக்கே (முதலாளி) இறந்தார், மகன் வந்து இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அவர் நிலம், அவர் கேட். குலை உள்ளேயே அழுகியது. நில அலுவலகத்தில் வழி உரிமை கேட்டு மனுப் போடலாம்தான், சட்டத்தில் இடமிருக்கிறது, நஷ்ட ஈடு கட்டி, விசாரணைக்கு நடந்து, வாங்கிக் கொடுத்தோம். அதற்குள் அவருக்கு இரண்டு வருஷக் குலை போச்சு.

விற்கும் போது என்ன என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் ஒரே சொத்து ஆதாய வரிதான். குடிமகனுக்கு மூன்று வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காவது வருஷம் 20, ஐந்தாவது 15, ஆறாவதிலிருந்து இல்லை. குடியிருக்கும் வீடு ஒன்றுக்கு வாழ்நாளில் ஒரு தடவை விலக்கு உண்டு, நிலத்துக்கு அது கிடையாது. ஆக ஐந்து வருஷத்துக்கு மேல் தூக்கி நிற்க முடியாதவர் இரண்டையுமே தொடக்கூடாது.

இதெல்லாம் போக என் முடிவைக் கேட்டால், இரண்டும் வேண்டாம் என்பேன். நீங்கள் ஷா ஆலமில் அறை வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது குடியிருக்க ஒரு வீடு. புஞ்சாக் ஆலமில் செகண்ட்ஹேண்ட் ஒற்றை மாடி வரிசைவீடு அந்தக் கொண்டோ விலைக்கே தேடினால் கிடைக்கும், தரையோடு கிடைக்கும், வேலைக்குப் போக முடியும், ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வரவும் தூரமில்லை. 90 விழுக்காடு கடன் கிடைக்கும், உங்கள் சேமநிதியில் வீடு போன்ற தேவைகளுக்கு எடுக்க விடும் செஜாதெரா கணக்கிலிருந்தும் எடுக்கலாம், அதனால் கையிலிருக்கும் 80,000 முழுவதும் கரையாது. கூடுதல் அறையை விட்டால் யூஐடிஎம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருவார்கள். நம் ஊரில் யூனிசெல் பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பி மூன்று வீடு வாங்கியவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார், 2020 மார்ச்சில் நாட்டை அடைத்தபோது எல்லாப் பிள்ளைகளும் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், மூன்று வீட்டிலும் பூட்டு. நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால் அந்தப் பயம் இல்லை, மாணவர் இல்லாவிட்டால் ஓர் அறை சும்மா கிடக்கும், அவ்வளவுதான். அப்பாவின் 40,000-ஐத் தொட வேண்டாம், அது சேமநிதியிலேயே கிடக்கட்டும்.

ஆனால் ஒன்று. அப்பாவுக்கு 61 என்று எழுதியிருக்கிறீர்கள், இத்தனை வருஷம் குலை வெட்டியவர், வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உடம்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். அதற்குத்தான் நிலம் என்றால் ஒன்றரை ஏக்கரை வாங்க வேண்டியதில்லை. நம் ஊரிலேயே வயதான சீனத் தவுக்கேக்கள் இரண்டு மூன்று ஏக்கரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பாதிக்குப் பாதி விட்டுவிடுகிறார்கள், உரம் அவர், வேலை நீங்கள், குலைக் காசில் பாதி. அப்பாவை ஒரு வருஷம் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். கழியைத் தூக்கி நாற்பது அடி மரத்தில் குலை அறுக்க இன்னும் தோள் இடம் கொடுக்கிறதா என்பது அவருக்கே தெரிந்துவிடும், அதற்கு அப்புறமும் வாங்கத்தான் வேண்டும் என்றால் நிலம் எங்கேயும் ஓடிவிடாது.

எப்படியிருந்தாலும் அந்த நிலத்துக்கு சாரியான் மட்டும் எடுத்துவிடுங்கள், அப்பா மனசுக்காகவாவது. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், பன்னிரண்டே காலுக்குக் கவுண்டரை மூடினால் இரண்டே முக்காலுக்குத்தான் திறப்பார்கள்.